குதிகால் தையலின் மூலை

குதிகால் எலும்பு முறிவுக்கு பிளேட் (உலோகத் தகடு) வைத்துத் தைத்த காலில், உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறைக்கு, அதாவது நோயாளியை மூடிய குழாய்க்குள் கிடத்தி அழுத்தத்தில் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைக்கும் அறைக்கு, வேலை வருவது பெரும்பாலும் ஒரே ஓர் இடத்துக்காகத்தான். வெளிப்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் நேராக இறங்கி, பாதத்தின் ஓரமாக முன்பக்கம் திரும்புகிற 'எல்' வடிவத் தையலில், கோடு திரும்பும் அந்த மூலை. எலும்பை முழுதாகப் பார்த்து அடுக்க அந்த அகலமான வெட்டு வசதியானது. ஆனால் தூக்கி நிறுத்தப்படும் தோல் மடலின் நுனிக்கு ரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு சின்ன ரத்தக்குழாய்தான். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையும் இல்லை, கொழுப்பும் சொற்பம். மூலை கறுத்தால் அடியில் இருப்பது நேரே உலோகம்.

இந்த முறிவு வருவது பெரும்பாலும் உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு. சாரத்திலிருந்து வழுக்கிய கொத்தனார், தென்னையிலிருந்து விழுந்தவர், மொட்டைமாடியில் கால் தவறியவர். உடம்பின் மொத்தப் பாரமும் குதிகாலில் இறங்கி எலும்பை அப்பளமாக நொறுக்கும். கால் சில மணி நேரத்திலேயே வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டு, நீர்க்கொப்புளம் கிளம்பும். அந்தத் தோலில் கத்தி வைத்தால் தையல் விட்டுவிடும் என்பதால்தான் அறுவைக்கு 10 முதல் 14 நாள் வரை காத்திருக்கிறார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது வெளிப்பக்கத் தோலில் சுருக்கம் விழ வேண்டும், அதுதான் பச்சைக்கொடி. "எலும்பு உடைஞ்சு பத்து நாளாச்சு, இன்னும் ஆபரேஷன் பண்ணலையே" என்று குடும்பத்தார் பதறுவது நியாயம்தான். அந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் பகுதி என்பதை முதல் நாளே உட்கார்ந்து சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். முறிவின் அமைப்பு இடம்கொடுத்தால், கணுக்காலுக்குக் கீழே சிறிய வெட்டு வழியாகவே எலும்பைச் சேர்க்கும் முறையும் இப்போது பரவலாகிவிட்டது. அதில் தையல் தொல்லை கணிசமாகக் குறைவு.

ஆக்ஸிஜன் அறை என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். சாதாரணக் காற்றில் 100 மில்லி ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் சுமார் 0.3 மில்லி. மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் சுமப்பது. 2.4 வளிமண்டல அழுத்தத்தில் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசித்தால், கரைந்த பங்கு மட்டும் நாலு மில்லிக்கு மேல் ஏறும். வீக்கத்தால் நசுங்கிய நுண்குழாய்க்குள் சிவப்பணு நுழையத் திணறும் இடத்திலும் பிளாஸ்மா கசிந்து போகும். அதோடு ஆக்ஸிஜனும் போகும். கூடவே ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் வீக்கம் வடியும். வெள்ளையணு கிருமியைக் கொல்வதற்கும், புண்ணில் கொலாஜன் இழை முறுக்கேறுவதற்கும் ஆக்ஸிஜன் தேவை. நாளுக்கு நாள் அழுத்தம் கொடுக்கக் கொடுக்கப் புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தொடங்கும்.

ஆனால் ரத்தம் அறவே போகாத தோலுக்கு ஆக்ஸிஜனும் போகாது. செத்த தோலை அறை உயிர்ப்பிக்காது. உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஊசலாடும் விளிம்பை மட்டும்தான் அது இந்தப் பக்கம் இழுக்கும். அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம். அறுவை முடிந்து இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் மூலை நாவல்பழ நிறமாக மாறும்போதே தகவல் வர வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் சட்டென்று கருநீலமாகத் திரும்பினால், உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லை என்று பொருள். வெளிறிப்போய் மெதுவாகத் திரும்பினால் வரத்தே குறைவு. இரண்டுக்கும் முதலில் செய்ய வேண்டியது கட்டைத் தளர்த்திப் பார்ப்பது, ஸ்லாப் (அரை மாவுக்கட்டு) எங்காவது அழுத்துகிறதா என்று பார்ப்பது, உள்ளே ரத்தக்கட்டு தேங்கியிருக்கிறதா என்று அறுவை மருத்துவர் பார்ப்பது. இதைச் செய்யாமல் நோயாளியை நேரே அறைக்கு அனுப்புவது வீண். பத்தாம் நாள் கறுத்துக் காய்ந்து ஓடு கட்டிய பிறகு அனுப்பினால், மிஞ்சியிருக்கும் ஓரத்தைக் காப்பாற்றலாம். மூலை போனது போனதுதான்.

தோல் வழியாக ஆக்ஸிஜனை அளக்கும் கருவி கையில் இருந்தால் ஊகம் தேவையில்லை. சென்சாரைத் தோலில் ஒட்டி, அது 44 டிகிரி வரை சூடாகி, அளவு நிலைக்க 15, 20 நிமிடம் ஆகும். புண்ணருகே 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தோல் மூச்சுத் திணறுகிறது. அறைக்குள் அழுத்தத்தில் 200-ஐத் தாண்டினால் சிகிச்சை பலிக்க வாய்ப்பு அதிகம். உள்ளேயும் எண் நகரவே இல்லையென்றால், மூடியிருப்பது பெரிய ரத்தக்குழாயாக இருக்கலாம். அதைத்தான் முதலில் தேட வேண்டும், இருபது அமர்வுக்குப் பணம் கட்டச் சொல்லக் கூடாது. உள்ளங்காலின் தடித்த தோலிலும், நீர் கோத்த இடத்திலும் சென்சார் ஒட்டினால் எண் பொய் சொல்லும்.

உயரத்திலிருந்து விழுந்தவர் என்பதை அறைக்கு முன் ஒருபோதும் மறக்கக் கூடாது. குதிகால் நொறுங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். விலா எலும்பும் முறிந்து நுரையீரல் உறையில் காற்று தேங்கியிருக்கலாம். வடிகுழாய் போடாத அந்தக் காற்று, அழுத்தம் இறங்கும்போது விரிந்து உயிரையே பறிக்கும். மார்பு எக்ஸ்ரே இல்லாமல் கதவு மூடப்படக் கூடாது. வலிக்கு என்ன மாத்திரை போகிறது என்றும் பார்க்க வேண்டும். எலும்பு வார்டில் தாராளமாகக் கொடுக்கப்படும் டிரமடால், வலிப்பு வருவதற்கான வரம்பைத் தாழ்த்தும் மருந்து. காய்ச்சலும் அப்படியே. அழுத்தத்தில் சுவாசிக்கும் ஆக்ஸிஜனும் அபூர்வமாக வலிப்பைத் தூண்டும் என்பதால்தான் இந்தக் கவனம். சர்க்கரை நோயாளிக்கு உள்ளே சர்க்கரை இறங்கும்; 120-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வைத்து, மறுபடி குத்திப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுக் காலை இட்லியைத் தவிர்த்து வருபவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

நெருப்பு விஷயத்தில் நம் ஊருக்கென்று தனிப் பட்டியல் உண்டு. தலையில் தேங்காய் எண்ணெய், நெற்றியில் தைலம், மார்பில் தடவிய விக்ஸ், பாலியஸ்டர் சட்டை, நைலான் புடவை, சட்டைப்பையில் தீப்பெட்டி, தாயத்து, கைபேசி. நூறு சத ஆக்ஸிஜன் நிரம்பிய குழாய்க்குள் இவை ஒவ்வொன்றும் எரிபொருள் அல்லது பொறி. 1997-இல் இத்தாலியின் மிலான் நகரில் அழுத்த அறை ஒன்று தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். உள்ளே போய்விட்ட ஒரு கையடக்கச் சூடேற்றிதான் அதன் மூலம் என்று சொல்லப்பட்டது. எண்ணெய்த் தலையைக் கழுவிவிட்டு வரச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். மணிக்கட்டில், நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் பட்டை, சுத்தமான பருத்தி உடை, பருத்திப் போர்வை. புண்ணின் மேல் பாரஃபின் வலைத்துணி இருந்தால் எடுத்துவிட்டு ஈரமான காஸ் துணி வைக்க வேண்டும். கையில் தேய்த்த ஸ்பிரிட் முழுதாக ஆவியாக வேண்டும். புண்ணின் நீரை உறிஞ்சும் கருவி போட்டிருந்தால் பெட்டி வெளியே நிற்கும். குழாய் முனையை அடைக்காமல் காஸ் துணியால் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி இணைத்துவிட வேண்டும்.

கிடத்துவதிலும் கவனம் வேண்டும். மல்லாந்து படுத்தால் பாதம் தானாக வெளிப்பக்கம் சாயும். அதாவது நாம் காப்பாற்ற வந்த மூலையே மெத்தையில் அழுந்தும். இரண்டு மணி நேரம் அப்படிக் கிடந்தால் கொடுத்த ஆக்ஸிஜன் ஒரு பக்கம், நசுக்கியது ஒரு பக்கம். கெண்டைக்கால் அடியில் பருத்தித் தலையணை வைத்து இரண்டு குதிகாலும் அந்தரத்தில் நிற்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் சுருட்டிய துண்டை அணைத்தால் கால் நேராக நிற்கும். மூன்று நிமிட வேலை இது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

அழுத்தத்தை நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வீதம் ஏற்றினால் 2.4-ஐத் தொட கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம் வரை ஆகும். முதல் சில பி.எஸ்.ஐ.யில்தான் காது தகராறு செய்யும். "அண்ணே, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எச்சில் விழுங்குங்க, வலி வந்தா உடனே கையைத் தூக்குங்க" என்று வெளியிலிருந்து பேசிக்கொண்டே ஏற்ற வேண்டும். கை தூக்கினால் நிறுத்தி, ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இறக்கி, காது திறந்த பிறகு மறுபடி. சளி பிடித்த நாளில் வற்புறுத்தாமல் ஒரு நாள் தள்ளிப்போடுவதே நல்லது. செவிப்பறை கிழிந்தால் சிகிச்சையே இடையில் தடைப்படலாம். முழு அழுத்தத்தில் 90 நிமிடம். இடையிடையே, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை, முகமூடி வழியாக ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று. அது, அளவுக்கு மீறிய ஆக்ஸிஜனால் வரும் நச்சு விளைவைத் தள்ளிப்போட. உதடு துடிப்பு, குமட்டல், காதில் ரீங்காரம் என்று ஏதாவது சொன்னால் அந்த நொடியே காற்றுக்கு மாற்ற வேண்டும். வலிப்பு அபூர்வமாகத்தான் வரும். வந்தால், பதற்றத்தில் அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிடுவதுதான் பெரிய தவறு. துடிக்கும்போது குரல்வளை மூடியிருக்கும். அப்போது அழுத்தம் இறங்கினால் நுரையீரல் வெடிக்கும். துடிப்பு நின்று மூச்சு வந்த பிறகே இறக்க வேண்டும். இதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லும்வரை கற்றுத்தர வேண்டும். இறக்கும்போது குளிரெடுத்து, குழாய்க்குள் மூடுபனி படரும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் புகை என்று நோயாளி பயந்துவிடுவார்.

தோல் தத்தளிக்கும் முதல் இரண்டு மூன்று நாள் தினம் இரண்டு அமர்வு, பிறகு ஒன்று; மொத்தம் பத்திலிருந்து இருபது. எலும்பிலேயே சீழ் புகுந்தால் நாற்பது வரை நீளும். ஆதாரம் எவ்வளவு என்று கேட்பவர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. 1996-இல் பிரான்சில் நசுங்கிய கால், கை காயங்களுடன் 36 பேரை இரு பாதியாகப் பிரித்துச் செய்த ஆய்வில், ஆக்ஸிஜன் பெற்ற 18 பேரில் 17 பேருக்குப் புண் முழுதாக ஆறியது. மற்ற 18 பேரில் 10 பேருக்கு. ஊக்கம் தரும் ஆய்வு, ஆனால் சிறியது, குதிகாலுக்கென்று தனியாகச் செய்ததும் அல்ல. நன்றாக ஆறிவரும் தையலுக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று இதை எழுதுவதை நாம் ஏற்கக் கூடாது. ஒரு கூலிக் குடும்பம் கால் உடைந்து சம்பாத்தியம் நின்ற நேரத்தில் கட்டும் பணம் அது. பிளேட் வெளியே தெரிந்துவிட்டாலும் அறை அதை மூடாது. அதற்குத் தோல் மடல் மாற்றும் பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும். மாற்றிய மடல் பிழைக்க அறை துணைபோகலாம்.

1.3 வளிமண்டல அழுத்தம் மட்டும் ஏற்றும், ஆள் படுக்கும் மென்பைகளை விற்பவர்களும் உயர் அழுத்த ஆக்ஸிஜன் என்ற இதே பெயரைச் சொல்கிறார்கள். அதில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பது, வெளியே 27 சதவீத ஆக்ஸிஜன் சுவாசிப்பதற்குச் சமம். மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைத்தாலே அது கிடைத்துவிடும்.

பீடி விஷயத்தில் தயவு காட்ட வழியில்லை. காலை அறையில் ஏற்றிய ஆக்ஸிஜனை, மாலை வராந்தாவில் இழுக்கும் ஒரு பீடி அந்த மூலைக்குப் போகவிடாமல் குழாயைச் சுருக்கும். மிரட்டினால் ஒளித்துப் பிடிப்பார்கள். கறுத்துவரும் தையலைக் கைபேசியில் படமெடுத்து அவரிடமே காட்டி, இந்த ஓரத்துக்காகத்தான் இத்தனை பாடு என்று சொன்னால் கேட்பவர்கள் உண்டு. தினமும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம் மருத்துவருக்கும் உதவும்.

தையலை மூன்று வாரத்துக்கு முன் பிரிக்க அவசரப்பட வேண்டாம். மூலையில் இருப்பதைக் கடைசியாகப் பிரிப்பார்கள். பாரம் ஊன்றுவது பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகுதான், எக்ஸ்ரே பார்த்து. இருபது அமர்வு தாண்டியவர்களில் சிலர் தூரத்து எழுத்து மங்குகிறது என்பார்கள். லென்ஸில் வரும் தற்காலிக மாற்றம் அது, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பிவிடும். அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.