கால் குடைச்சல்: தூக்க மாத்திரைக்கு முன்னால் ஃபெரிட்டின் பாருங்கள்

டாக்டரிடம் "கால் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் கால்சியமும் வலி மாத்திரையும்தான் கிடைக்கும். இந்தக் கால் குடைச்சலுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது, நாம் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் இந்த நான்கையும் பிரித்துச் சொல்லுங்கள்: காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு, உட்கார்ந்தாலோ படுத்தாலோ வருவது, எழுந்து நடந்தால் அடங்குவது, சாயங்காலத்துக்கு மேல் கூடுவது. குரக்கு பிடித்தால் கெண்டைச் சதை கல்லாகத் திரளும், இதில் அப்படி ஆகாது. சர்க்கரையால் வரும் பாத எரிச்சல் நடந்தாலும் போகாது.

அடுத்து ரத்தப் பரிசோதனை. பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். மூளையில் இரும்பு குறைவதும் இந்தக் குடைச்சலுக்கு ஒரு காரணம். ஹீமோகுளோபின் 13 இருந்தாலும் மூளைக்குப் போகும் இரும்பு குறைந்திருக்கலாம். ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது) டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது) காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஃபெரிட்டின் 30 (ng/mL) இருந்தால் லேப் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே சொல்லும். ஆனால் இந்த நோய்க்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்க வேண்டும். சாச்சுரேஷன் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொடுக்கக் கூடாது.

இரும்பு மாத்திரை அட்டையில் 'எலிமெண்டல் அயர்ன்' (மாத்திரையில் உள்ள நிஜ இரும்பு) அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சுமார் 65 மில்லிகிராம், தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு. டீ, காபி, பால், கால்சியம் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. தைராய்டு மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப டெஸ்ட். ஏறவில்லையென்றால், வயிறு தாங்கவில்லையென்றால், ஆஸ்பத்திரியில் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை டிரிப்பாகப் போடலாம். அதிக மாதவிடாய், மூலம் என்று ரத்தம் போகும் வழி இருந்தால் அதையும் அடைக்காமல் பயனில்லை.

வீட்டில் உள்ள மாத்திரைகளையும் எடுத்துப் பாருங்கள். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை குடைச்சலைக் கூட்டலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் டாக்டர் எழுதித் தரும் நரம்பு மருந்துகளான கபாபென்டின் அல்லது பிரகாபலின், படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால். பிரகாபலின் பெரும்பாலும் 75 மில்லிகிராமில் தொடங்கும்; வயதானவர்களுக்கும் கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கும் குறைவாக. மயக்கம், கால் வீக்கம், எடை கூடுவது வரலாம்.

இதற்குக் கொடுக்கப்படும் இன்னொரு வகை, மூளையில் டோபமைன் போல வேலை செய்யும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல். இவை முதல் வாரத்திலேயே அற்புதமாகக் கேட்கும். மாதங்களோ வருடங்களோ போனபின், ராத்திரி பத்து மணிக்கு வந்த குடைச்சல் மதியம் நான்கு மணிக்கே வரும், கைக்கும் பரவும். டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். அதனால்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2025 வழிகாட்டுதல் இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்தினால் பல இரவுகள் கண்மூட முடியாது. டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூடவே வேறு மருந்தைத் தொடங்குங்கள்.