காத்தாடிக்குப் பிடித்த காற்று

"வீட்டு வாசல்லயே இவ்வளவு காத்து அடிக்கு, பறக்கதுக்கு நீங்க எதுக்குடே கேரளாவுக்குப் போறீய?" ஊரில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான்.

எனக்கு முப்பந்தலில் காற்றாலை பராமரிப்பு வேலை. எங்கள் பக்கம் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். ஆனி, ஆடியில் அரபிக்கடல் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கியடித்து நுழைந்து, வேகமெடுத்து இந்தப் பக்கம் வந்து கொட்டும். நொடிக்கு 12 மீட்டர் எட்டினால் காத்தாடி கிட்டத்தட்ட முழுத்திறனில் ஓடும், மேனேஜர் முகத்திலும் சிரிப்பு வரும். அது மணிக்கு 43 கிலோமீட்டர். பாராசூட் மாதிரித் துணி இறக்கைதான் பாராகிளைடர், அதைப் பையை விட்டு வெளியே எடுக்கவே கூடாத காற்று. அலுமினியச் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய ஹேங்கிளைடர் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் காற்று சீராக வர வேண்டும். இங்கே கணவாயைத் தாண்டியதும் மலை மறைவில் அது உருண்டு சுருள்கிறது. அதில் மாட்டினால் இறக்கையே கவிழ்ந்துவிடும். போதாததற்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடியும் கரண்டு கம்பியும். அந்தக் கோபுரங்களின் மேலே நின்று பார்த்திருக்கிறேன், அங்கே பறக்கும் ஆசை எனக்கு வந்ததே இல்லை.

அதனால் தை பிறந்ததும் எங்கள் கூட்டம் கேரள மலையூர் வாகமண்ணுக்குக் கிளம்பிவிடும். எங்களுக்கெல்லாம் பாராகிளைடர், முதுகில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். அண்ணாச்சி ஒருவரிடம்தான் ஹேங்கிளைடர். மடித்துக் கட்டினாலும் சுமார் 18 அடி நீளம், 30 கிலோ கனம். ஜீப் கூரையில் வைத்தால் முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த முறை களியக்காவிளை செக்போஸ்டில் "என்னது, பந்தல் கம்பா?" என்று நிறுத்தினார்கள். "ஆமா சார், கல்யாண வீடு" என்றார் அண்ணாச்சி. விளக்கப் போனால் விடிந்துவிடும்.

ஹேங்கிளைடரில் உட்கார இடம் கிடையாது. குப்புறப் படுத்தபடி ஒரே கொக்கியில் தொங்க வேண்டும். ஓடிக் குதிக்கும் முன் ஒருவர் இறக்கையின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பறப்பவர் படுத்துத் தொங்கிக் காட்டுவார். கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நம்பகமான வழி இல்லை. 2018-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு பயணியை மாட்டாமலேயே பைலட் கிளம்பிவிட, அந்த மனுஷன் இரண்டு நிமிடத்துக்கு மேல் கையாலேயே தொங்கி உயிர் பிழைத்தார். எங்கள் சித்தி ஒவ்வொரு தையிலும் தவறாமல் அந்த வீடியோவை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள்.

அன்று பதினொரு மணிக்குப் புல்மேடு சூடேறியதும் இரண்டு பருந்துகள் இடப்பக்கமாக வட்டமிட்டன. அடியில் அனல் எழும்புகிறது என்று அர்த்தம். முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவரும் அப்படியே சுற்ற வேண்டும் என்பது விதி. பருந்துக்கும் அதே மரியாதை. நானும் இடப்பக்கம் சுற்றினேன், மேலே ஏறுவதைச் சொல்லும் வேரியோ மீட்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அண்ணாச்சி கீழேயிருந்து வந்து, கம்பிகள் விர்ரென்று இரைய என்னைத் தாண்டி மேலே போனார். வேகத்தில் பாராகிளைடர் ஹேங்கிளைடர் பக்கத்தில் நிற்க முடியாது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் வழக்கமான கதையை எடுத்தார். 2012 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸில் டஸ்டின் மார்ட்டின் ஹேங்கிளைடரில் 764 கிலோமீட்டர் போனார், அப்போது அது உலக சாதனை. நாகர்கோவிலில் கிளம்பினால் சென்னையைத் தாண்டிவிடும். நாள் முழுக்கக் கூடவே பறந்த ஆஸ்திரேலியாக்காரர் ஜானி டுராண்ட், சில கிலோமீட்டர் முன்னாலேயே இறங்க வேண்டியதாயிற்று. அண்ணாச்சிக்கு ஜெயித்தவரைவிட இவர் மேல்தான் பாசம்.

மறுநாள் இறங்கும்போது, வேகத்தைக் குறைக்கக் கைப்பிடிக் கம்பியை முன்னால் தள்ள அண்ணாச்சி அரை நொடி பிந்திவிட்டார். இறக்கை மூக்கைத் தரையில் குத்தி நின்றது. அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை, பக்கவாட்டு அலுமினியக் குழாய் ஒன்று வளைந்துவிட்டது. ஊருக்கு வந்து கோட்டாறில் ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்கிரீன் கம்பி போதுமா அண்ணாச்சி?" என்றார். போதாது. அதே அளவு, அதே ரகம் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், ஆர்டர் போட்டாயிற்று.

மாசிக்குள் வந்துவிட்டால் இன்னொரு தடவை போவோம். பங்குனி பிறந்தால் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மழை தொடங்கிவிடும். ஜீப்பில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. கூரையில் கயிறு கட்டத் தெரிந்தவருக்கு முன்னுரிமை.