காரைக் களிமண்ணைக் கழுவிப் பழங்காலக் கடலாழம் கணக்கிடுதல்: சேலத்தில் இதுவரை செய்தது

சேர்வராயன் மலையில் எங்கே தோண்டினாலும் கடல்சிப்பி கிடைக்காது. அது சார்னோகைட் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லிலும் தேட வேண்டாம். ஒரு காலத்தில் அதில் ஏதாவது இருந்திருந்தாலும் பூமிக்கடியில் வெந்து பளிங்காகிப் படிகம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கிரெட்டேசியஸ் கடல், அதாவது டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்துக் கடல், விட்டுப்போன படிவு வேண்டுமென்றால் ஆத்தூர், பெரம்பலூர் வழியாகக் காரை, கொளக்காநத்தம் பக்கம்தான் போக வேண்டும். 1862-இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு அந்த வட்டாரப் படிவுகளை ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அங்கே கிடைத்த ஓடுகளைத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா விவரித்து எழுதினார். காரைக் களிமண் இவற்றில் ஊத்தத்தூர்ப் பிரிவைச் சேர்ந்தது. சாத்தனூர்க் கல்மரப் பூங்கா பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே பார்ப்பதோடு சரி. சிமென்ட் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

காரையில் தரையெல்லாம் பெலம்னைட் (கணவாய் போன்ற பழங்கால உயிரி) குச்சிகள் கிடக்கும். ஆழம் கணக்கிட அவை உதவாது. மழை களிமண்ணை அரித்துக்கொண்டு போகப் போக, பல அடுக்குகளின் குச்சிகள் ஒரே பரப்பில் இறங்கிக் கலந்துவிடுகின்றன. சுருள் ஓட்டுக் கடலுயிரியான அம்மோனைட் செத்த பிறகும் ஓடு மிதந்து வெகுதூரம் போகக்கூடியது. அது இருந்த அடுக்கின் காலத்தைச் சொல்லும், கடலின் ஆழத்தைச் சொல்லாது. ஆழத்துக்கு ஒற்றைச்செல் கடலுயிரிகளான ஃபோராமினிஃபெராவைத்தான் நம்ப வேண்டும். மணல்பருக்கை அளவுள்ள இந்த ஓடுகளில் ஒரு கூட்டம் தண்ணீரில் மிதந்து வாழ்ந்தது, இன்னொரு கூட்டம் கடல்தரையில் வாழ்ந்தது. கரையிலிருந்து விலகி ஆழம் கூடக் கூட மிதவைகளின் பங்கு கூடும்.

மாதிரி எடுக்கும்போது மேல்மண்ணை விட்டுவிட்டு ஓர் அடிக்கு மேல் வெட்டி, ஈரப்பதமுள்ள சாம்பல்நிறக் களிமண் வந்த பிறகு எடுக்க வேண்டும். மேலே இருக்கும் மஞ்சள், பழுப்புப் பகுதியில் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்திருக்கும். கீழடுக்கிலிருந்து மேலடுக்குக்கு ஏறிக்கொண்டே எடுத்து, ஒவ்வொரு பைக்குள்ளும் பென்சிலில் எழுதிய சீட்டைப் போட வேண்டும். மார்க்கர் மை ஈரத்தில் அழிந்துவிடும்.

காரை மண்ணின் பெரிய சிக்கல் ஜிப்சம். கண்ணாடித் தகடுபோல நாளம் நாளமாக ஓடும். கடல்நீர் வற்றும்போதும் ஜிப்சம் படியும் என்பதால், அதைப் பார்த்து 'கடல் வற்றிப்போன இடம்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த நாளங்கள் மண்ணடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன; அடுக்கு உருவான பின்னால் வந்தவை அவை. கழுவும்போதும் தொல்லைதான். ஜிப்சத்திலிருந்து வரும் கால்சியம் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதால் சேறு கலையாமல் கட்டியாகவே நிற்கும். வழக்கப்படி சலவை சோடா போட்டால் நிலைமை இன்னும் மோசம். சோடாவும் ஜிப்சமும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்து ஓடுகள் மேல் வெள்ளைப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், துளைகள் மறைந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் இந்த மண்ணுக்கு ஒத்துவராது. பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் நுரைத்துச் சூடாகி அமிலமாக மாறும். அமிலம் முதலில் தின்பது மெல்லிய ஓட்டைத்தான்.

அதனால் இப்போது பின்பற்றும் வரிசை இது. 100 கிராம் மாதிரியைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, ஜிப்சத் தகடுகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுகிறோம். மிச்ச ஜிப்சத்தைக் கரைக்கத் தண்ணீர் நிறைய வேண்டும், ஒரு லிட்டரில் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். மாதிரியில் 10 கிராம் இருந்தால் 5 லிட்டர் வரை ஆகும். மாற்றி மாற்றி ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை 63 மைக்ரான் (0.063 மி.மீ.) கண்ணிச் சல்லடை வழியாகவே வடிக்க வேண்டும். சாய்த்துக் கொட்டுவது கூடவே கூடாது.

பிறகு 50 டிகிரிச் சூட்டில் ஈரமே இல்லாமல் காயவைக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகரத்தட்டே போதும். காய்ந்த மண் மூழ்கும் அளவுக்கு பெயின்ட் கடை டர்பன்டைன் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால், கட்டியின் நடுவரை ஊறி நிறம் கறுக்கும். டர்பன்டைனை வடிதாளில் வடித்துப் பாட்டிலில் சேர்த்தால் மறுபடி பயன்படும். உடனே வெந்நீர் ஊற்ற வேண்டும். களிமண்ணுக்குள் தண்ணீர் புகுந்து எண்ணெயைத் தள்ள, கட்டி உள்ளிருந்தே பிளந்து சில நிமிடங்களில் கூழாகிவிடும். மண்ணில் துளி ஈரம் மிஞ்சியிருந்தாலும் இந்தப் பிளவு நடக்காது. வேலை முழுவதும் திறந்த வெளியில்தான், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது.

அப்புறம் லிட்டருக்கு 5 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்த நீரில் ஒரு மணி நேரம். இது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் களிமண் பிரியும். இரவெல்லாம் விட்டால் ஓட்டிலிருக்கும் கால்சியத்தையும் அரிக்கத் தொடங்கும். மெல்லிய தண்ணீர்த்தாரையில் சல்லடையில் அலச வேண்டும், விரலால் தேய்க்கக் கூடாது. போர் தண்ணீர் உப்புப் படியவைக்கும் என்பதால் கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில், அதிலும் ஊறவிடாமல் உடனே வடித்துவிடுகிறோம். அடுத்த மாதிரிக்கு முன் சல்லடையை மெத்திலீன் புளூ கரைசலில் முக்கி எடுக்கிறோம். பழைய மாதிரியின் ஓடு கண்ணியில் சிக்கியிருந்தால் நீலமாகக் காட்டிக்கொடுக்கும்.

காய்ந்த எச்சத்தை மறுபடி அலச நேர்ந்தால் மிகுந்த கவனம் வேண்டும். உள்ளே காற்று நிறைந்த மிதவை ஓடுகள் நீர்ப்பரப்பில் ஏறிப் பாத்திர விளிம்பைத் தாண்டிப் போய்விடும். கனத்த தரைவாழ் ஓடுகள் அடியில் தங்கும்.

இந்த வேலையில் நாங்கள் முக்கியமாகக் கருதுவது இதைத்தான்: கழுவலில் நேரும் இழப்பு இரு கூட்டத்துக்கும் சமமாக நேர்வதில்லை. அமிலம், அழுத்தித் தேய்ப்பது, சாய்த்துக் கொட்டுவது, பெரிய கண்ணிச் சல்லடை எல்லாமே மெல்லிய மிதவைகளையே அதிகம் கொண்டுபோகின்றன. விடை எப்போதும் ஆழம் குறைந்த பக்கமே சாயும். வான் டெர் ஸ்வான் குழுவினர் 1990-இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மிதவைச் சதவீதத்தை 0.03534-ஆல் பெருக்கி, 3.58718 கூட்டி, e (சுமார் 2.718) என்ற எண்ணின் அடுக்காக வைத்தால் மீட்டரில் ஆழம் வரும். 300 ஓட்டில் 120 மிதவை என்றால் 40 சதவீதம், ஆழம் சுமார் 148 மீட்டர். அந்த மிதவைகளில் 40 மட்டும் கழுவலில் போயிருந்தால் 260-இல் 80, ஆழம் சுமார் 107 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத 40 ஓடு, 41 மீட்டர் கடல்!

மண்ணைத் துளைத்து உள்ளே வாழ்ந்த வகைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சூத்திரமும் இன்றைய கடலை வைத்து வந்தது. அதனால் மீட்டர் எண்ணைவிட, அடுக்குக்கு அடுக்கு ஆழம் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கையே நம்புகிறோம்.

எண்ணுவதற்கு எச்சத்தைத் தாளில் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளைச் சேர்த்துத் திரும்பப் பிரிக்க வேண்டும். குப்பியைத் தட்டிக் கொட்டினால் அளவுவாரியாகப் பிரிந்துவிடும். 125 மைக்ரானுக்கு மேற்பட்டதை எண்ணுகிறோம். 63 முதல் 125 வரை உள்ளதைத் தனியே வைத்து, அதில் சிறு மிதவைகள் குவிந்திருக்கின்றனவா என்று பார்க்கிறோம். கறுப்புத் தட்டு, 40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி, ஈரம் தொட்ட 000 பிரஷ் போதும். இடுக்கியும் கைலென்சும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் நல்லதாகவே கிடைக்கின்றன.

மிதவைகளில் மூன்று வகைகளை இப்படி அடையாளம் காணலாம். ஹெட்பெர்ஜெல்லாவில் நான்கைந்து உருண்டை அறைகள் சுருளாக வளரும், கடைசி அறை பெரிது, சுவர் முழுக்கத் துளை. ஹெட்டெரோஹீலிக்சில் இரட்டை வரிசை அறைகள் நுனியிலிருந்து அகன்றுகொண்டே போகும். ரோட்டலிபோராவுக்கு விளிம்பு நெடுக ஒரு வரம்பு உண்டு. அது கிரெட்டேசியஸ் காலத்தின் ஒரு பகுதியான செனோமேனியன் கட்டத்தின் முடிவை ஒட்டி, சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. தரைவாழ் லென்டிகுலினா தடித்து வழவழப்பாக இருக்கும், எந்த மோசமான கழுவலையும் தாங்கும். தட்டில் லென்டிகுலினாவும் மணல் ஒட்டிக் கட்டிய ஓடுகளும் மட்டுமே மிஞ்சியிருந்தால் கணக்குப் போடவே கூடாது. சுண்ணாம்பு ஓடு கரைந்துபோன மாதிரி அது.

பைரைட் நிறைந்த ஓடுகளை ஏற்காட்டில் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் சிதையத் தொடங்கும். வெளிறிய பொடி பூக்கும், கந்தக நெடி வரும், ஓடு வெடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில், மற்ற மாதிரிகளிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

அடுத்து, அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். அது கழுவினால் கரையாத கெட்டிக்கல், அறுத்து 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குள் வெளியில் செய்யக்கூடியது கிரைஃபியா சிப்பிகளைப் பார்ப்பது: இரு ஓடும் மூடியபடி இருக்கின்றனவா, பிரிந்து கிடக்கின்றனவா, ஓட்டின் உட்புறத்திலும் கடற்பஞ்சு துளைத்திருக்கிறதா. உட்புறத்தில் துளை இருந்தால், சிப்பி செத்து ஓடு திறந்த பிறகும் நெடுநாள் கடல்தரையில் புதையாமல் கிடந்திருக்கிறது.