எட்டாவது சுற்றில் லமார் ஜாக்சன்

2019 ஆகஸ்ட் கடைசி. மேரிலாந்தில் கொலம்பியா என்கிற ஊர். அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டு பேஸ்மென்ட்டில் பத்துப் பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தோம். அமெரிக்கக் கால்பந்து ஃபேண்டஸி லீகுக்கு டிராஃப்ட், அதாவது முறை வைத்து வீரர்களை எடுப்பது, நடக்கும் நாள். ட்ரீம் 11 போலத்தான், ஆனால் இது ஒரு நாள் ஆட்டம் இல்லை. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஒரே அணியை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதனால் யாரை எடுக்கிறோம் என்பதோடு எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

நான் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை எடுக்கும் முடிவோடு போயிருந்தேன். குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர். அந்த முடிவுக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது.

ஜனவரி 6 அன்று பால்டிமோர் ஸ்டேடியத்தின் மேல் அடுக்கில் குளிரில் உட்கார்ந்து ரேவன்ஸ், சார்ஜர்ஸ் பிளேஆஃப் (நாக் அவுட்) ஆட்டத்தைப் பார்த்தேன். லமாருக்கு மறுநாள்தான் 22 வயது. அவ்வளவு இளம் வயதில் பிளேஆஃப் ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக் அதற்கு முன் யாரும் இல்லை. சார்ஜர்ஸ் அன்று கனத்த ஆட்களை உட்கார வைத்துவிட்டு, வேகமான பின்வரிசை ஆட்கள் ஏழு பேரைக் களத்தில் நிறுத்தியது. அவர் ஓட நினைத்த இடமெல்லாம் அடைபட்டிருந்தது. ஏழு முறை பிடித்துக் கீழே தள்ளினார்கள். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். பழைய குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவைக் கொண்டுவரச் சொல்லி என்னைச் சுற்றிலும் கத்தினார்கள். நான் கத்தவில்லை; நெஞ்சு கனத்துப் போயிருந்தது. கடைசிக் கால் பகுதியில் 23-3 என்று பின்தங்கியிருந்தபோது அதே பையன் இரண்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்து 23-17 வரை கொண்டுவந்தான். தோல்விதான். ஆனால் திரும்பி வரும் ரயிலில் அந்த இரண்டு எறிதலைத்தான் நான் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் நிஜ டிராஃப்ட்டில் அவர் எப்படி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஆடி 2016-ல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர், 19 வயதில். அந்தக் கோப்பையை அவரைவிடச் சின்ன வயதில் யாரும் வாங்கியதில்லை. இருந்தும் 2018 டிராஃப்ட்டுக்கு முன்னால், இவர் எறிய மாட்டார், பந்து வாங்கும் ரிசீவராக மாறட்டும் என்று பேசினார்கள். அவர் மறுத்துவிட்டார். திறன் சோதனையில் 40 யார்டு ஓட்டத்தையும் ஓடவில்லை. ஏஜெண்ட் வைத்துக்கொள்ளவில்லை, அம்மாதான் எல்லாம் பார்த்துக்கொண்டார். முதல் சுற்றில் மேஃபீல்டு, டார்னால்டு, ஜாஷ் ஆலன், ரோசன் என்று நான்கு குவார்ட்டர்பேக்குகள் முதல் பத்து இடத்துக்குள் போய்விட்டார்கள். லமார் காத்துக்கொண்டே இருந்தார். ரேவன்ஸ்கூட முதலில் 25-வது இடத்தில் ஹேடன் ஹர்ஸ்ட் என்ற டைட் எண்டை (தடுக்கவும் பந்து வாங்கவும் செய்பவர்) எடுத்தது. அப்புறம் ஃபிலடெல்பியாவிடம் பேரம் பேசி, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, முதல் சுற்றின் கடைசி இடமான 32-ஐ வாங்கி அவரை எடுத்தது. மேலாளர் ஆஸி நியூசம் நடத்திய கடைசி டிராஃப்ட் அது.

முதல் சுற்றில் எடுத்தால் ஐந்தாம் ஆண்டுக்கும் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை அணிக்குக் கிடைக்கும். கற்றுக்கொள்ள நேரம் தேவைப்படும் குவார்ட்டர்பேக்குக்கு அந்த ஓராண்டு பெரிய விஷயம். இரண்டாம் சுற்று நடக்கும் அடுத்த நாள் வரை பொறுக்காமல் 32-க்கு விலை கொடுத்ததில் இதுவும் ஒரு கணக்கு.

சரி, என் கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் லீகில் 25 யார்டு எறிந்தால் 1 புள்ளி, 10 யார்டு ஓடினால் 1 புள்ளி. எறிந்த டச்டவுனுக்கு 4, ஓடிப்போட்ட டச்டவுனுக்கு 6. அதாவது ஒரு குவார்ட்டர்பேக் 60 யார்டு ஓடினால், இன்னொருவர் 150 யார்டு எறிந்ததற்குச் சமம். 2018 கடைசியில் ஃப்ளாக்கோவுக்கு இடுப்பில் அடிபட்டபின் லமார் தொடங்கிய ஏழு ஆட்டங்களையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு ஆட்டத்தில் 39 யார்டு. மற்ற ஆறிலும் 65-க்கு மேல். எறிவது சொதப்பினாலும் ஓட்டத்தில் வாரம் ஆறேழு புள்ளி வந்துவிடும். மற்ற குவார்ட்டர்பேக்குகளுக்கு அந்தக் குறைந்தபட்ச உத்தரவாதம் கிடையாது.

அணி அவரைச் சுற்றி என்ன செய்கிறது என்றும் பார்த்தேன். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஓடும் குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து எறிகிற ஆட்டத்தை ஆடச் சொல்லும் அணி அவரை வீணடிக்கும். ரேவன்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஃப்ளாக்கோவை டென்வருக்கு அனுப்பியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் காலின் கேப்பர்னிக்கை வைத்து ஓட்டத் தாக்குதல் அமைத்த கிரெக் ரோமனைத் தாக்குதலுக்குப் பொறுப்பாக்கியது. மார்க் இங்கிரம் என்ற கட்டுமஸ்தான ரன்னிங் பேக்கை (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) கொண்டுவந்தது. முதல் சுற்றில் மார்க்வீஸ் பிரவுன் என்ற மின்னல் வேக ரிசீவரை எடுத்தது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓவிங்ஸ் மில்ஸில் நடந்த பயிற்சி முகாமுக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். டிவியில் தெரியாத ஒன்றை அங்கே பார்த்தேன். லமார் பந்தை இங்கிரமின் வயிற்றுக்கு நேராக நீட்டுகிறார். இங்கிரமின் கைகள் பந்தின் மேல் மூடுகின்றன. இருவர் கையும் பந்தில் இருக்கும் அந்த அரை நொடியில் லமாரின் கண் பந்தில் இல்லை. யாரும் தடுக்காமல் விட்டிருக்கும் ஒரே ஒரு எதிராளியின் தோள் மீது இருக்கிறது. அந்தத் தோள் உள்ளே திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுகிறார். நின்றால் விட்டுவிடுகிறார். அந்த ஆளைப் பார்த்தேன், பாவம், எதைச் செய்தாலும் தப்பாகிறது. அவன் தயங்கிய கணத்தில் பின்னாலிருக்கும் தடுப்பாளர்களும் ஓர் அடி முன்னே வருகிறார்கள். அந்த ஓர் அடிக்குப் பின்னால்தான் டைட் எண்ட் மார்க் ஆண்ட்ரூஸ் தனியாக நிற்கிறார். கால்தான் கைக்கு வழி திறந்துவிடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டிராஃப்ட் அன்று எனக்கு ஏழாவது இடம். பாம்பு போல வளைந்து வரும் வரிசை. ஒற்றைப்படைச் சுற்றில் ஏழாவதாக, இரட்டைப்படைச் சுற்றில் நான்காவதாக எடுப்பேன். மூன்றாவது சுற்றில் ஒருவர் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தார். அதே சுற்றில் நான் டென்னசியின் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றியை எடுத்தேன். லமார் பட்டியலில் வெகு கீழே இருந்தார்.

எங்கள் லீகில் பாதிப்பேர் வாஷிங்டன் ரசிகர்கள். ஓடும் குவார்ட்டர்பேக் என்றாலே அவர்களுக்குத் தங்கள் அணியின் பழைய குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின்தான் ஞாபகம் வருவார். 2012-ல் முதல் சுற்று வாய்ப்புகள் மூன்றைக் கொடுத்து வாஷிங்டன் வாங்கியவர், முதல் ஆண்டே 815 யார்டு ஓடியவர், பிளேஆஃபில் முழங்கால் போனது. அதன்பின் பழைய கிரிஃபின் திரும்பி வரவேயில்லை. 2019-ல் அவர் லமாருக்கு மாற்று ஆளாக அதே ரேவன்ஸில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரைக்கார அண்ணன், 2012-ல் கிரிஃபின் சட்டை வாங்கியவர், என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் தம்பி, நாங்க பட்டுட்டோம்" என்றார். அவர் சொன்னதில் நிஜமான வலி இருந்தது. நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் லமார் அடி வாங்கும் விதம் வேறு. அவரை நேராக மோதுவது அபூர்வம். மோத வருபவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சட்டையின் ஓரம்தான்.

எட்டாவது சுற்றில் என் முறை வந்தது. கையில் 90 நொடி. இப்போது விட்டால் மறுபடி எனக்கு வருவதற்குள் பன்னிரண்டு பேரை எடுத்துவிடுவார்கள். அதில் ஆறு பேர் இன்னும் குவார்ட்டர்பேக் எடுக்காதவர்களின் கைக்குப் போகும். எண்ணிப் பார்த்தேன், லமாரை எடுத்தேன். ரேவன்ஸுக்கு எட்டாவது வாரம் ஓய்வு என்பதால் கடைசிச் சுற்றில் ஒரு மாற்றுக் குவார்ட்டர்பேக்கையும் எடுத்து வைத்தேன். இதை மறந்துவிடாதீர்கள்.

முதல் வாரம் மயாமியில் 59-10. லமார் எறிந்த 20-ல் 17 சேர்ந்தது, 324 யார்டு, ஐந்து டச்டவுன். ஓடியது வெறும் 6 யார்டு. எனக்கு 33.56 புள்ளி, கிட்டத்தட்ட முழுவதும் கையால் வந்தது. எறிய மாட்டார் என்றவர்களுக்கு அவர் சொன்ன பதில் அதுதான். ஏழாவது வாரம் சியாட்டிலில், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் இரண்டு யார்டு தேவை, எல்லைக்கு எட்டு யார்டு. போகலாமா என்று பயிற்சியாளர் ஹார்பா கேட்க, லமார் போகலாம் என்றார், தானே தூக்கிக்கொண்டு போய் டச்டவுன் வைத்தார். வீட்டில் நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது.

பதினைந்தாவது வாரம் எங்கள் அரையிறுதி. ஜெட்ஸுக்கு எதிரான அந்த வியாழன் இரவில்தான் ஒரு பருவத்தில் குவார்ட்டர்பேக் ஓடிய அதிகபட்சமான, மைக்கேல் விக் 2006-ல் ஓடிய 1,039 யார்டை லமார் தாண்டினார். அவர் எடுத்துக் கொடுத்த 37 புள்ளியில் அரையிறுதி முடிந்துபோனது. இறுதியாட்டம் பதினாறாவது வாரம். அன்று காயத்தால் ஹென்றி ஆடவில்லை, எனக்குக் கை உடைந்த மாதிரி இருந்தது. லமார் கிளீவ்லாந்தில் மூன்று டச்டவுன் எறிந்து 103 யார்டு ஓடினார். ஜெயித்தேன். அடுத்த வாரம் ரேவன்ஸ் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, களமிறங்கியவர் கிரிஃபின். லீக் சேரும்போதே இறுதியாட்டம் எந்த வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதினேழாவது வாரமாக இருந்திருந்தால் என் கதை வேறு.

அந்தப் பருவம் 36 டச்டவுன் எறிந்து 1,206 யார்டு ஓடினார். சிறந்த வீரர் விருதுக்கு 50 ஓட்டும் அவருக்கே விழுந்தது. அதற்கு முன் அப்படி ஒருமனதாக வாங்கியவர் டாம் பிரேடி மட்டும்.

ஜனவரி 11 அன்று மறுபடி அதே மேல் அடுக்கில் இருந்தேன். எதிரணி டென்னசி. 14 வெற்றி, 2 தோல்வி என்று வந்த ரேவன்ஸை 28-12 என்று தோற்கடித்தார்கள். லமார் 143 யார்டு ஓடினார், 59 முறை எறிந்தார், போதவில்லை. எங்கள் தடுப்பு வரிசையைப் பிளந்துகொண்டு 195 யார்டு ஓடியவர் டெரிக் ஹென்றி, மூன்றாவது சுற்றில் நான் எடுத்த அதே ஹென்றி. இந்த முறை என்னைச் சுற்றி யாரும் லமாரைப் பார்த்துக் கத்தவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகும்வரை நின்று கைதட்டிவிட்டுத்தான் படி இறங்கினேன்.