“அப்பவே முழுசா எடுத்திருந்தா...” என்று சொல்கிறவர்களுக்கு

என் இடது மார்பில் புற்றுநோய் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை 2014இல், அப்போது எனக்கு 41 வயது. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சச் சதையையும் எடுத்துவிட்டு, மார்பை அப்படியே விட்டு, கதிர்ச்சிகிச்சை கொடுத்தார்கள். இரண்டாவது தடவை 2022இல், பழைய தழும்பின் ஓரத்திலேயே வந்தது. அந்த முறை மார்பை முழுதாக எடுத்தாயிற்று. நான் ஆரையம்பதியில் வீட்டில் இருந்து தையல் வேலை செய்கிறவள். இப்போது சுகமாக இருக்கிறேன், பழையபடி மெசினில் உட்காருகிறேன்.

நோய் திரும்பிய காலத்தில் தொடங்கிய ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். “அப்பவே முழுசா எடுத்திருந்தா இப்ப இந்தக் கரைச்சல் வந்திருக்காதே புள்ள” என்று மச்சாள் சொன்னார். வாட்டுக்குப் பார்க்க வந்தவர்களும், சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்களும், கண்ணகை அம்மன் சடங்கில் கண்டவர்களும் அதையே சொன்னார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு குற்றச்சாட்டு கிடக்கிறது: இவளுக்கு உயிரை விட மார்பு பெரிதாகப் போய்விட்டது, அதனால்தான் திரும்பி வந்தது என்று. என் வீட்டுக்காரரையும் அது விடவில்லை. “நீ ஏன் அப்ப ஓமெண்டு சொன்னாய்?” என்று அவருடைய பெரியம்மா கேட்டிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொல்ல நெடுநாள் எடுத்தது.

சரி, அந்த முடிவு எப்படி எடுத்தது என்று சொல்கிறேன். கட்டி சிறியது, ஒரே இடத்தில் இருந்தது. ஒப்பரேசன் செய்த டொக்டர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றிவர நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்த துண்டின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மை பட்ட ஓரத்தில் புற்றுக் கலம் தெரிந்தால் திரும்ப வெட்ட வேண்டி வரும் என்றார். எனக்கு அது உடனே விளங்கியது. துணியில் தையலுக்கு ஓரம் விடாமல் கோட்டிலேயே வெட்டினால் சட்டை நிற்காது. என் துண்டின் ஓரங்கள் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார்: மார்பை வைத்துக்கொள்வதென்றால் கதிர் கட்டாயம். அதற்குப் போக ஏலாது என்றால் முழுதாக எடுப்பதுதான் நல்லது.

எனக்குக் கதிர் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமையில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலையில் கிடைத்தது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் மகரகமைக்கு. வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் திரும்பி வரும் நேரத்துக்குக் கஞ்சி வைத்திருப்பார். மார்பில் கீறிய கோடு அழியாமல் குளிக்க வேண்டும் என்பதையும் கையைக் காட்டிக் காட்டி அவர்தான் எனக்கு நினைவுபடுத்துவார். போகப் போகத் தோல் கறுத்து, மார்புக்குக் கீழே உரிந்தது. சட்டை உரசினால் உயிர் போகும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, இடது பக்கம் தையல் படாதபடி தொளதொளவென்று ஒரு சட்டை கையாலேயே தைத்துப் போட்டேன். பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் கேட்டார்கள், அவர்களுக்கும் தைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு ஐந்து வருடம் டமொக்சிபென் குளிசை, புற்றை வளர்க்கிற ஹோர்மோனை மறிக்கிற மருந்து. ஒவ்வொரு வருடமும் மமோகிராம், அதாவது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது.

அப்படியெல்லாம் செய்தும் வந்தது. நோவு இருக்கவில்லை. கதிர் பட்ட மார்பு இறுகித்தான் இருக்கும். அந்த இறுக்கம் எந்த இடத்தில் எவ்வளவு என்று என் விரலுக்கு மனப்பாடம். ஒரு நாள் குளிக்கும்போது தழும்பின் கீழ் ஓரத்தில் அதுவரை இல்லாத ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. கிளினிக்கில் காட்டினேன். ஒப்பரேசனும் கதிரும் பட்ட இடத்தில் கொழுப்பு செத்துப்போய்க் கட்டியாவது உண்டு, கையால் தொட்டாலும் ஸ்கேனில் பார்த்தாலும் சில வேளை புற்றுநோய் மாதிரியே இருக்கும், ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். பயொப்சி செய்யச் சொன்ன காலம் 2022இன் நடுப்பகுதி. நாடு முழுக்க எண்ணெய் இல்லை. என் வீட்டுக்காரர் ஓட்டோ ஓடுகிறவர். இரவு பகலாகப் பெற்றோல் செட் வரிசையில் நின்றார். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்புக்குப் போய் வந்தேன்.

புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட் வந்தது. முதலில் வந்த அதே வகை, உடம்பில் ஊறுகிற ஹோர்மோனால் வளர்வது. சில பேருக்கு அதே மார்பில் வேறொரு மூலையில், பல வருடம் கழித்து, புதிதாகவே ஒன்று தோன்றுவதும் உண்டாம். அதனால் பழைய ரிப்போர்ட்டை நம்பாமல் புதிய துண்டில் எல்லாவற்றையும் திரும்பப் பரிசோதிப்பார்கள். பிறகு நெஞ்சு, வயிறு, எலும்பு எல்லாம் ஸ்கேன். வேறெங்கும் இல்லை என்று வந்த அன்று டொக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “இது மார்புக்குள்ளயே நிக்குது. குணமாக்கிற எண்ணத்தோடதான் நாங்க வைத்தியம் செய்யிறம்.” திரும்பி வந்தாலே கதை முடிந்தது என்றுதான் அதுவரை நானும் பயந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தோடு நிற்பதும் உடம்பெல்லாம் பரவுவதும் ஒன்றல்ல. திரும்பியது சின்ன விசயம் என்று சொல்ல வரவில்லை. முதல் வைத்தியம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் கவலை கூட. எனக்கு எட்டு வருடம் கழித்து வந்தது நல்லதன் பக்கம் என்றார்கள்.

என் மகள் அப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் முதலில் மச்சாள் சொன்னதை நினைத்து அழுதவள்தான். அப்புறம் தேடி வாசித்து, இரவில் பக்கத்தில் இருந்து எனக்குத் தமிழில் சொன்னாள். இத்தாலியில் மிலான் நகரில் வெரொனேசி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடன் இருந்தவர்களும் 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு மார்பை முழுதாக எடுத்தார்கள், மற்றப் பாதிக்குக் கட்டி இருந்த கால்பகுதியை எடுத்துக் கதிர் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்தது. 20 வருடம் பார்த்துவிட்டு 2002இல் முடிவை வெளியிட்டார்கள். மார்பை வைத்துக்கொண்டவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு அங்கேயே திரும்ப வந்தது. முழுதாக எடுத்தவர்களிலும் 2.3 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் வந்தது. அந்தக் காலத்துக்குள் இறந்தவர்களோ, ஒரு பக்கம் 41.7 சதவீதம், மறுபக்கம் 41.2 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

அமெரிக்காவில் பேர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வும் அதே 2002இல் 20 வருடக் கணக்கைச் சொன்னது. கட்டியை எடுத்துக் கதிர் கொடுக்காமல் விட்டவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்பியது. கதிர் எடுத்தவர்களில் 14.3 சதவீதம். உயிரோடு இருந்தவர்களின் கணக்கில் முழுதாக எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. இப்போதைய மருந்துகளாலும் கதிர் முறையாலும் திரும்புவது இதைவிடவும் குறைந்திருக்கிறது. வயது குறைந்தவர்களுக்கு மட்டும் அது கொஞ்சம் அதிகம்.

ஆக மச்சாள் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. 2014இல் முழுதாக எடுத்திருந்தால் அந்த இடத்தில் திரும்பும் வாய்ப்பு குறைந்திருக்கும். ஆனால் உயிருக்கு அதனால் கூடுதல் உத்தரவாதம் கிடைத்திருக்காது. உயிரை எடுப்பது பெரும்பாலும் ஈரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேருகிற கலங்கள். அவை போவதென்றால் பெரும்பாலும் முதல் ஒப்பரேசனுக்கு முன்பே இரத்தத்தோடு புறப்பட்டிருக்கும். மார்பை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அவற்றைப் பிடிக்க ஏலாது. அதற்குத்தான் குளிசையும் மற்ற மருந்தும். இதை மகள் சொல்லி முடித்தபோது என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அவரே பெரியம்மா வீட்டுக்குப் போய் விளக்கிச் சொல்லிவிட்டு வந்தார்.

கதிர் விசயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். “கரண்ட் வச்சா உடம்பு எரிஞ்சு போகும்” என்ற பயத்தில், கட்டியை எடுத்ததோடு வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். 17 ஆய்வுகளில் இருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் விபரங்களை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான கணக்கில், கதிர் எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோயால் 15 வருடத்துக்குள் இறந்தவர்கள் 21.4 சதவீதம், எடுக்காதவர்களில் 25.2 சதவீதம். தூரம் என்றோ பயம் என்றோ அதை விடக் கூடாது.

இரண்டாம் தடவை முழுதாக எடுத்ததற்குக் காரணமும் அந்தக் கதிர்தான். ஒரு தடவை முழு மார்புக்கும் கொடுத்த இடத்தில் அதே அளவைத் திரும்பக் கொடுக்க முடியாது. பொருத்தமான சிலருக்குத் திரும்பவும் கட்டியை மட்டும் எடுத்து அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் கதிர் கொடுக்கிறார்கள் என்று வாசித்தேன். எனக்கு அது சரிவராது என்றார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். கதிர் பட்ட தோல் ஆற நாள் எடுத்தது. நீர் வடிகிற போத்தலைத் தைத்த பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். இப்போது லெட்ரசோல் குளிசை, அந்த ஹோர்மோனைக் குறைக்கிறது; காலையில் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும், சுடுநீரில் வைத்து நெகிழ்த்திய பிறகுதான் ஊசியில் நூல் கோக்க முடிகிறது.

போன வருடம் காத்தான்குடியில் இருந்து ஒரு ராத்தா அபாயா தைக்க வந்தார். அளவு எடுக்கும்போது கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தனக்கும் கட்டி மட்டும் எடுத்தது என்றார். “அஞ்சு வருசம் முடிஞ்சி, குளிசையும் நிப்பாட்டியாச்சி. இனி ஏன் கிளினிக் எண்டு உட்டுட்டன்.” நான் என் சட்டையைத் திறந்து காட்டினேன். ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பயமுறுத்தக் காட்டவில்லை என்று சொல்லி, எங்கேயாவது தடித்தால், தோல் சிவந்தால், முலைக்காம்பு உள்ளே இழுத்தால் அல்லது அதில் சொறி மாதிரி வந்தால் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஹோர்மோன் வகை ஐந்து வருடம் கழித்தும் வரும். மார்பு இருக்கும்வரை வருடா வருடம் மமோகிராம் வேண்டும். அடுத்த கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போனோம்.

முழுதாக எடுத்தவர்களுக்கு நான் துணியில் மார்பு தைத்துக் கொடுக்கிறேன். மெல்லிய பருத்தித் துணிக்குள் பஞ்சு, அடிப்பக்கம் பாரத்துக்குக் குரக்கன் ஒரு சின்னப் பையில். இல்லாவிட்டால் பிரா மேலே ஏறிவிடும். கழுவும்போது அந்தப் பையை வெளியே எடுக்கலாம். தையல் எல்லாம் முன்பக்கம், தழும்பில் படாது. காயம் நன்றாக ஆறி, டொக்டர் சரி என்ற பிறகு வாருங்கள். நீங்கள் வழமையாகப் போடும் பிரா ஒன்றையும் கொண்டு வாருங்கள், அதற்குள் வைத்துப் பார்த்துத்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும். காசு வேண்டாம்.