பெர்ட் டிராட்மன்: 17 நிமிடங்களுக்கு வெளியே

பெர்ட் டிராட்மன் என்ற பெயரைச் சொன்னால் கால்பந்து ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். 1956 மே 5 அன்று வெம்ப்ளி மைதானத்தில் நடந்த, இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், ஏறத்தாழ 17 நிமிடங்கள் மீதமிருந்தபோது, பர்மிங்காம் சிட்டி வீரர் பீட்டர் மர்ஃபியுடன் மோதிக் கழுத்தெலும்பு முறிந்த பிறகும், மான்செஸ்டர் சிட்டியின் கோலைக் கடைசிவரை காத்து நின்றவர் அவர். அது உண்மைதான், ஆனால் 89 வயது வரை வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை அந்தச் சில நிமிடங்கள் விழுங்கிவிட்டன என்பது எனது நெடுநாள் ஆதங்கம்.

1923-இல் பிரெமன் நகரில் பிறந்த டிராட்மன், பத்து வயதிலேயே நாஜிகளின் சிறுவர் அமைப்பில் சேர்ந்தவர். 17 வயதில் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகவே படையில் சேர்ந்தார். பாராசூட் படை வீரராகக் கிழக்குப் போர்முனைக்குச் சென்ற அவர், உக்ரைனின் காட்டுப் பகுதி ஒன்றில் பொதுமக்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்படுவதை மறைவிலிருந்து பார்த்தார். வீரத்துக்காக இரும்புச் சிலுவைப் பதக்கமும் பெற்றார். அவரை வரலாறு தெரியாத அப்பாவியாகச் சித்திரிக்கும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடிவதில்லை. தன் உண்மையான கல்வி இங்கிலாந்துக்கு வந்த பிறகே தொடங்கியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1945-இல் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு, லங்காஷயரில் உள்ள ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்டு அருகே இருந்த போர்க்கைதிகள் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார். முகாம் அணியில் களத்தில் ஓடி ஆடிக்கொண்டிருந்தவர், ஓர் ஆட்டத்தில் அடிபட்டதால் கோல்கீப்பருடன் இடம் மாற்றிக்கொண்டார்; அதன் பிறகு அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை. 1948-இல் ஊர் திரும்பும் வாய்ப்பு வந்தபோது அதை மறுத்து, பண்ணையில் வேலை செய்தார், வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணியில் ஈடுபட்டார், ஓய்வு நேரத்தில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் அணிக்கு ஆடினார்.

1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அவரைச் சேர்த்துக்கொண்டபோது நிகழ்ந்தவற்றையே அவருடைய வாழ்வின் மையமாக நான் கருதுகிறேன். ஜெர்மன் குண்டுவீச்சில் வீடுகளையும் உறவுகளையும் இழந்த நகரம் அது. யூதர்கள் பெருமளவில் வாழ்ந்த நகரமும்கூட. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு பருவத்தின் ஆட்டங்களுக்கெல்லாம் முன்கூட்டியே சீட்டு வாங்கியிருந்த பலர் இனி மைதானத்துக்கே வரப்போவதில்லை என்றனர். நார்மண்டியில் ஜெர்மானியருக்கு எதிராகப் போரிட்ட அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட்டோ, இந்த உடை மாற்றும் அறைக்குள் போர் கிடையாது என்று சொல்லி அவரை வரவேற்றார். மான்செஸ்டரின் யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாடு செய்த கொடுமைக்காகத் தனியொரு மனிதனைத் தண்டிக்கக் கூடாது என்று உள்ளூர் நாளேட்டில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ஆல்ட்மன் 1938-இல் பெர்லினிலிருந்து தப்பி வந்தவர், பெற்றோரை நாஜிகளுக்குப் பலிகொடுத்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், டிராட்மனின் துணிச்சலைவிட அந்தக் கடிதத்தின் துணிச்சலே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பு ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் அணியுடன் ஆடியபோது 'நாஜி' என்ற கூச்சல் மைதானமெங்கும் எழுந்தது. அவர் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்த விதத்தைக் கண்ட அதே கூட்டம், ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டியது.

அவருடைய ஆட்டத்திறன் பற்றிப் போதிய அளவு யாரும் எழுதுவதில்லை. பிடித்த பந்தை எவ்வளவு தொலைவு முடியுமோ அவ்வளவு தொலைவு உதைப்பதுதான் அன்றைய கோல்கீப்பர்களின் வழக்கம். சிறுவயதில் ஆடிய எறிபந்து விளையாட்டுகளால் வலுப்பெற்ற கையைக் கொண்டு டிராட்மன் சக வீரரின் காலடிக்கே பந்தை எறிந்து, தாக்குதலைத் தானே தொடங்கிவைத்தார். 1956-இல் இங்கிலாந்தின் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதுவரை எந்தக் கோல்கீப்பரும் அதைப் பெற்றதில்லை.

இறுதி ஆட்டத்துக்குச் சில நாட்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான், ஐந்து முள்ளெலும்புகள் இடம்பெயர்ந்து அவற்றில் ஒன்று இரண்டாகப் பிளந்திருப்பது தெரியவந்தது. கழுத்து குணமாகிக்கொண்டிருந்த அதே ஆண்டில் அவருடைய ஐந்து வயது மூத்த மகன் சாலை விபத்தில் இறந்தான். அந்தத் துயரம் குடும்பத்தை நெடுங்காலம் அரித்தது. 1972-இல் மணமுறிவு ஏற்பட்டது. இங்கிலாந்தில் இருந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பெண்ணையும் அவருக்குப் பிறந்த மகளையும் விட்டு விலகியவரும் இவரேதான். அந்த மகளைப் பல பத்தாண்டுகள் கழித்தே சந்தித்தார். வெம்ப்ளிக் கதையை மட்டும் சொல்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தொடுவதில்லை.

மான்செஸ்டர் சிட்டிக்காக 545 ஆட்டங்கள் ஆடிய பிறகு, மேற்கு ஜெர்மனியின் சார்பில் பயிற்சியாளராகப் பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், வட ஏமன் ஆகிய நாடுகளில் 1988 வரை பணியாற்றினார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய பர்மா அணிக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. தன் நாட்டுக்காக மட்டும் அவர் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியதில்லை; வெளிநாட்டில் ஆடுபவர்களை அணியில் சேர்க்கப் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் அப்போது விரும்பவில்லை. ஆங்கிலேய-ஜெர்மானிய நல்லுறவுக்கு ஆற்றிய தொண்டுக்காக 2004-இல் பிரிட்டன் அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கியது. 2013 ஜூலை 19 அன்று, தாம் குடியேறியிருந்த ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் காலமானார்.