வெளியாளுக்கு விழும் ஓட்டு

அரசியலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் ஜெயித்துவிட்டால் உடனே 'ஜனங்களுக்கு விவரம் பத்தாது' என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2019இல் உக்ரைனில் நகைச்சுவை நடிகர் ஜெலென்ஸ்கி, பதவியில் இருந்த அதிபரையே எதிர்த்து நின்று இரண்டாம் சுற்றில் 73 சதவீத ஓட்டு வாங்கினார். அத்தனை பேரும் விவரம் இல்லாதவர்களா? மாறி மாறிப் பழைய கட்சிகளுக்கே போட்டுப் பார்த்து, யார் வந்தாலும் அதே ஒப்பந்தக்காரர், அதே சிபாரிசு, மனுவோடு போய் நின்றால் அதே 'நாளைக்கு வாங்க' என்று ஆன பிறகு, கறை படியாத ஒரு முகம் தெரிந்தால் ஓட்டு அங்கே போகத்தான் செய்யும்.

என் கவலையெல்லாம் ஜெயித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். வெளியாளுக்குப் பெரும்பாலும் சபையில் ஆள் பலம் இருக்காது. பெருவில் 1990இல், அதுவரை பலருக்கும் தெரியாத வேளாண் பேராசிரியர் ஃபுஜிமோரி அதிபரானார். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை, 1992இல் ராணுவத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதையே கலைத்துவிட்டார்.

சரி, புதுமுகத்துக்குப் போடுங்கள், தாராளமாக. ஆனால் சட்டம் நிறைவேற்ற உங்களோடு யார் இருக்கிறார்கள், தேர்தல் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம், கேட்டதற்கு எரிச்சல்படுகிறாரா என்றும் பாருங்கள்.